தைத்து மூடிய பை

ஐந்து ஆண்டு கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்
என்று தாளில் அச்சடித்துக் கேட்டிருந்தார்கள்.
கெஸ்ட் லிப்டில், என்று எழுதிக் கொடுத்தேன்.
எச்.ஆர். பெண் சிரித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.
வேற மாதிரி எழுதுங்கக்கா.
வேறு மாதிரி எனக்கு வரவில்லை.
பிலோமினைப் பார்த்து எழுதினேன்.
அவள் யாரைப் பார்த்து எழுதினாளோ
இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை.

அது ஆகி ஏழு வருஷம்.
நாளுக்குப் பதினான்கு அறை.
கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்,
நடுவில் ஒரு நொடி
விழலாமா என்று யோசித்தபடி நிற்கும் விரிப்பு.
மூலையை மடக்குவதில் அவளுக்கென்று ஒரு கணக்கு.
பயிற்சியில் காட்டியதைவிடக் கூர்மை.
அதைத்தான் இப்போது புதுப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்,
அவள் பெயர் சொல்லாமல்.

இடம் ஒன்று. கூப்பிட்டது இரண்டு பேரை.
ஆங்கிலத்தில் நான்கு கேள்வி.
நான் மூன்றுக்குச் சொன்னேன், ஒன்றுக்கு முழித்தேன்.
அவளும் மூன்றுக்குச் சொன்னாள்,
நான்காவதில் சிரித்துவிட்டாள்.
அவ்வளவுதான் வித்தியாசம்.
மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வித்தியாசம்.

இன்று காலை கறுப்புக் கோட்டு கொடுத்தார்கள்.
பேட்ஜில் அஞ்சலி.
நான் அஞ்சலாட்சி.
வெளிநாட்டுக்காரர்கள் வாய்க்கு வராதாம்.
அவர்கள் வாய் எனக்கு வந்ததே,
மெர்சி, போன்ழூர், டவல் இன்னொன்று,
என்று கேட்க நினைத்து
கோட்டின் பைக்குள் கையை விட்டேன்.
நுழையவில்லை.
பை மாதிரி ஒரு மடிப்பு, மேலே நூலோட்டம்.
ஏப்ரனில் இரண்டு பை இருந்தது.
பேனா மூடி, சோப்பு உறை,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கம்மல்
கீழே ஒப்படைக்கும்வரை,
பிலோமினுடைய தைலப் புட்டி.

இருநூற்றேழு.
சுய்ப்ரேன் வீதி பார்த்த ஜன்னல்.
படச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலை ஓட்டினேன், சுத்தம்.
ஹாங்கர்கள் ஒரே திசை.
கெட்டிலில் நேற்றைய தண்ணீர் இல்லை.
குளியல் தொட்டி ஓரத்தில்
ஒரு முடி.
நுனியில் மருதாணிச் சிவப்பு, வேரில் வெள்ளை.
யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.
போன வாரம் என்றால்
எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு
வேறு ஏதாவது பேசியிருப்பேன்.

எடுத்தேன். வைக்க இடமில்லை.
இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தபடி திரும்பினால்
வாசலில் டிராலியில் சாய்ந்து அவள்.
என்ன மேடம், சரியா?
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன்.
அவள் என் விரலைப் பார்த்தாள்.
ஏப்ரன் பையை இழுத்துத் திறந்து நீட்டினாள்,
பஸ்சில் கண்டக்டரிடம் சில்லறைக்குக் கை நீட்டுவதுபோல்.
இங்க போடு.
அதையும் எழுது. எழுதலைன்னா நீ பார்க்கலைன்னு ஆயிடும்.

எழுதினேன்.
207. தொட்டி. ஒரு முடி. சரிசெய்யப்பட்டது.
சோதித்தவர் என்ற கட்டத்தில்
அஞ்சலாட்சி என்று எழுதினேன்.
கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று.

கீழே போக லிப்ட்.
உள்ளே மூன்று பக்கமும் நான்.
மெதுவாகத்தான் போகிறது.
கதவு திறந்தபோது
பின்படி வழியாக இறங்கி
டைம் ஆபீசில் விரல் வைத்துவிட்டு
நின்றுகொண்டிருந்தாள் பிலோமின்.

கடலூர் பஸ்சில் இடம் கிடைக்கத் தவளக்குப்பம் ஆனது.
கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன்.
வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.
உள்பக்கம் தடவினாள்.
அடியே, பை இருக்குடி உள்ளே,
கடையிலிருந்து வரும்போது இப்படித்தான் தைத்து வரும்.
தாலிக்கயிற்றிலிருந்து பின்னை உருவினாள்.

கன்னியக்கோயில் தாண்டிற்று,
முள்ளோடையில் டிரைவர் பிரேக் போட்டார்,
பின் அவள் கட்டைவிரலில் ஏறியது.
ரெட்டிச்சாவடிக்குள்
நான்கு தையல்தான் பிரிந்திருந்தது.
ஒரு விரல் போகும் இப்போது.