நிறுத்தம், 7.52

பத்தொன்பது நாளாக
நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை.
மதியம் மூன்று மணிக்கு ஏற்காட்டு மலைமேல் மேகம் கூடும்,
பெண் பார்க்க வந்தவர்கள் போலச் சற்று உட்காரும்,
சொல்லி அனுப்புகிறோம் என்று
வாழப்பாடிப் பக்கம் எழுந்து போய்விடும்.

மின் புகார் அறையில் எனக்கு இரவு முறை.
ஒரு மேசை, இரண்டு போன்,
அனலை அள்ளி முதுகில் போடும் ஃபேன்.
லோ வோல்டேஜுங்க,
ஏசி இழுக்கலைங்க, எப்ப வரும்?
எழுதிக்கொண்டு, வைக்கும் முன் நானும் கேட்பேன்:
உங்க பக்கம் மழை இருக்குங்களா?

அன்றைக்கு அது மலையிலிருந்து வரவில்லை.
கஞ்சமலைப் பக்கம்
கரிபிடித்த சட்டியின் அடி மாதிரி ஒன்று
எழுந்து நின்றது.
முதலில் மழையில்லை, மண்.
வெள்ளைக்கல் சுரங்கத் தூசு பல்லில் நறநறத்தது.
ஐந்து ரோட்டில் நகைக்கடைப் பெண்
பிளெக்ஸோடு கிழிந்து
ஒரு கண்ணும் பாதி ஒட்டியாணமுமாக
எங்கள் கேட்டில் வந்து ஒட்டிக்கொண்டாள்.
அப்புறம் தகரக் கூரைமேல்
கல் கல்லாக.
கையில் எடுத்துப் பார்த்தேன், ஆலங்கட்டி.
இத்தனை நாள் வெந்த ஊருக்கு
வானத்தில் ஐஸ் இருந்திருக்கிறது,
ஒருத்தரும் சொல்லவில்லை.

இரண்டு போனும் சேர்ந்து அலறின.
மரம் விழுந்துடுச்சு. டிரான்ஸ்பார்மர் வெடிச்சிடுச்சு.
அப்பாவுக்கு மூச்சு மிஷின் ஓடணும், எப்ப வரும்?
சேகோ ஆலை மேனேஜர் தனபாக்கியம் மட்டும்
கரண்டைப் பற்றிக் கேட்கவே இல்லை:
"களம் பூரா கஞ்சி மேடம்,
யார்கிட்டயாவது சொல்லணும்னு அடிச்சேன்."

7.49. ஒரு பெண்.
பெயர் நஜ்முனிசா, மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்.
கம்பி அறுந்து தண்ணியில கெடக்குது,
புஸ்ஸு புஸ்ஸுங்குது, ஆளுங்க வராங்க.

7.52க்கு ஃபீடரை நிறுத்தச் சொன்னேன்.
நாலாயிரம் வீடு.
அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்:
அணைச்சாச்சு, நீங்க வீட்டுக்குப் போங்க.

"நீங்க அணைச்சிட்டீங்க.
தெரியாம யாராச்சும் போட்டுட்டா?"

பதினோரு வருடம் இந்த நாற்காலியில்.
அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

8.20. இங்கதான் நிக்கறேன்.
9.05. ஒரு பைக்காரன் கெட்ட வார்த்தை சொன்னான்,
ஆனா திரும்பிப் போயிட்டான்.
9.40. முட்டி வரைக்கும் தண்ணி. சார்ஜ் எட்டு பர்சன்ட்.
நடு நடுவே அந்த நாலாயிரம் வீடு
என் அம்மாவை, என் சம்பளத்தை,
நான் தின்னும் சோற்றை விசாரித்தது.
லைன்மேன் அர்த்தநாரி அம்மாபேட்டையில்
விழுந்த புளியமரத்துக்கு அந்தப்பக்கம்.
நடந்து வா என்றேன்.
ஏணியைத் தூக்கிக்கிட்டா என்றான்.
தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

பத்து மணிக்கு மேல் அவளிடமிருந்து போன் இல்லை.
எட்டு பர்சன்ட் தீர்ந்திருக்கும்
என்று நூறு முறை எனக்கு நானே சொன்னேன்.

2.35க்கு அர்த்தநாரி:
"கட்டிட்டேன் மேடம். லைன் போடலாம்."
அங்க ஒரு அம்மா...
"இருட்டுல யார் மூஞ்சி தெரியுது?
டார்ச் அடிச்சப்ப, தள்ளி நில்லுன்னு
என்னையே ஒரு பொம்பள அதட்டுச்சு."

பதிவேட்டில் கட்டங்கள் உண்டு.
நிறுத்தம்: 7.52. காரணம்: காற்று, மழை. சீர்: 2.41.
அதற்கு மேல் எழுத இடமில்லை.
ஓரத்தில், ஆய்வாளர் கேட்டால் கேட்கட்டும் என்று,
ஒரு பெயர் எழுதினேன்.

காலையில் பாலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன்.
மேலே புதுக் கம்பி மட்டும் பளபளத்தது.
ரோட்டின் நடுவே சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று.
வண்டிகள் ஏனென்று தெரியாமலே
அதைச் சுற்றி வளைந்து போயின.
நானும் வளைந்தேன்.

ஒன்பதுக்கெல்லாம் தார் காய்ந்துவிட்டது.
மலைமேல் ஒரு பொட்டு மேகம் இல்லை.