மஞ்சள் வாத்து

துப்பாக்கி என்றுதான் சொல்வோம் எங்கள் லேபில்.
வெடிக்காது.
விசையை அழுத்தி இருபது விநாடி
கை நடுங்காமல் பிடித்தால்
எதிரில் இருப்பதன் உள்ளே என்னவென்று
எண்ணாகச் சொல்லும்.
காரீயம், காட்மியம், ஆர்சனிக்.
பொருளுக்கு வலிக்காது. தழும்பு விழாது.

அவிநாசி ரோட்டில் மூன்றாம் மாடி.
கீழே பிரிண்டிங் பட்டறை,
ஏசி ஓடாத நாளில் மசி வாசம் மேலேறி வரும்.
என் மேசைக்கு வருவதெல்லாம் சின்னச் சின்னது:
ஜிப்பின் நாக்கு, டிச் பட்டன்,
நெஞ்சில் ஒட்டும் ரப்பர் கரடி.
குழந்தை வாயில் வைக்குமா என்று யாரும் கேட்பதில்லை.
வைக்கும் என்றே வைத்துக்கொண்டு
விதி எழுதியிருக்கிறார்கள் கடலுக்கு அந்தப் பக்கம்,
நான் பார்க்காத ஏதோ ஒரு குழந்தையை
மடியில் போட்டுக்கொண்டு எழுதின மாதிரி.
பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்கு வரை பாஸ்.
தொண்ணூற்றொன்று என்றால் லாரி நிற்கும்.

ஆவணியில் வந்தது இந்த வாத்து.
இலந்தைப்பழ அளவு பட்டன், மஞ்சள் பெயின்ட்,
அலகு மட்டும் சிவப்பு.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு.
மறுபடி பிடித்தேன். நாலாயிரத்து நூற்றுச் சொச்சம்.
கம்பெனியிலிருந்து ராக்கியண்ணன் போன் செய்தார்:
"ஏனுங் அம்மிணி, வண்டி தூத்துக்குடி கெளம்பி நிக்குது,
கடைசி ரெண்டு எண்ணு அடிக்காம உட்டா ஆகாதுங்களா?"
ஆகாதுங்க என்றேன்.
அன்றைக்கு இரவு என்னைப் பற்றி எனக்கு
லேசாகப் பெருமை இருந்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசி. தீபாவளிக்கு மறுநாள்.
அனுப்பர்பாளையத்தில் எங்கள் லைன் வீடு.
நாலாம் நம்பர் மினத்தி, ஒடிசாக்காரி, ஓவர்லாக் அடிப்பவள்,
காதர்பேட்டையில் நூறு ரூபாய்க்கு மூன்று என்று எடுத்த
சட்டையை மாட்டி
பலகாரத் தட்டோடு மகனை அனுப்பியிருந்தாள்.
குனாவுக்கு மூன்று வயது. பேச்சு எங்களூர்ப் பேச்சு.
"அத்தே, வாத்து பாருங்."
நாலு வாத்து நெஞ்சில் வரிசையாக நீந்தின.
ஐந்தாவது, கழுத்தோரத்தில் இருக்க வேண்டியது,
வாய்க்குள் இருந்தது.
எச்சிலில் பெயின்ட் உரிந்து
அதற்குத் தலை வெளுத்திருந்தது.

ஏற்றுமதிக்கு ஆகாது என்று
கையெழுத்துப் போட்டது நான்தான்.
வேறெங்கே போகக்கூடாது என்று எழுத
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

நகவெட்டியால் ஐந்தையும் அறுத்தெடுத்தேன்.
தெருவே திரும்பிப் பார்க்கிற அழுகை.
மினத்தி ஓடி வந்தாள்.
திறந்து கிடந்த சட்டையையும் என் கையையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
"ஈயம்" என்றேன், வேறு சொல் வரவில்லை.
அவள் கண் என் அடுப்புக்குப் போனது.
ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது ஈயச் சொம்பில்.
காய்ச்சல் என்றால் அதில்தான்
அவளுக்கும் ஒரு டம்ளர் போகும்.
"ஈயம் நல்லது இல்லியா அக்கா?"

வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு என்றேன்.
கடைக்காரன் சொன்னதை அம்மா சொன்னாள்,
அம்மா சொன்னதை நான்.
மூன்று வருடமாகத் துப்பாக்கி என் கையில்.
ஒருநாளும் அதை இந்தச் சொம்புக்கு நேராகப்
பிடித்ததில்லை.

காலையில் லேபில் புது பாரம் ஒன்று எடுத்தேன்.
பொருள்: வாத்து ஐந்து, ஒன்று சப்பியது.
பார்ட்டி: குனா, லைன் வீடு நாலு.
கட்டணம் எண்ணூறு, என் பர்ஸிலிருந்து.
பில் போடும் அத்தப்பன் கேட்டான்,
"எந்த நாட்டுப் பார்ட்டிங்க்கா?"
அனுப்பர்பாளையம் என்றேன்.
திரையில் தேடிவிட்டு
மற்றவை என்று போட்டுக்கொண்டான்.

சொம்பு டிபன் பைக்குள் இருக்கிறது,
துண்டு சுற்றி.
மதியம் சாப்பிட்ட பிறகு
பார்க்கலாம் என்றிருக்கிறேன்.