அஜ்னபி

ஃபஹாஹீல் டைப்பிங் சென்டரில்
மூன்றாவது மேசை என்னுடையது.
பிறந்த நாடு, வந்த தேதி, ஸ்பான்சர் பெயர்
நாளுக்கு நாற்பது பேருக்கு அடித்துக் கொடுக்கிறேன்.
ஒரு கட்டம் காலியாக இருந்தாலும்
கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என் ஃபைலில் நாலு தரமும்
ஒரே கட்டத்தில் ஒரே பதில்:
காரணம் தெரியவில்லை.
ஏழு வாரம். ஒன்பது. மறுபடி ஏழு.
கடைசியாக வந்தது பதினொன்று வரை இருந்தது,
அதற்கு நான் காலுறை வாங்கினேன்,
மச்சானிடம் சொல்லவில்லை.

டாக்டர் நிஹால் எகிப்துக்காரி.
எங்கள் ரத்தம் எங்கேயோ விமானத்தில் போய்
எழுத்தும் எண்ணுமாய்த் திரும்பியிருந்தது.
இடது பக்கம் நான், வலது பக்கம் மச்சான்.
பேனாவால் கோடு இழுத்து இழுத்துச் சேர்த்தாள்:
இது அதே, இது அதே, இதுவும்.

"பிள்ளை என்பது பாதி அந்நியம்.
யாரோ வந்திருக்கிறார்கள் என்று
உடம்பு கண்டுகொள்ள வேண்டும்,
அப்புறம்தான் இடம் ஒதுக்கும்.
நீங்கள் ரெண்டு பேரும் ரொம்ப ஒன்று.
வந்ததே தெரியாமல் போயிருக்கலாம்."
அந்த 'லாம்' மட்டும்
திரும்பத் திரும்ப வந்தது.
நிரூபணம் இல்லை என்றாள்.
இதற்கு ஊசி இருக்கிறது என்று யாராவது சொன்னால்
பணத்தைக் கொடுத்துவிடாதே என்றாள்.

மாமி மகன்தான் அவர்.
சொந்தத்தில் கொடுத்தால் கண் கலங்காது என்றார்கள்.
நிக்காஹ் அன்று எங்கள் மூக்கைக் காட்டிச் சிரித்தார்கள்,
ஒரே அச்சாம்.

பதினொரு வருஷமாய் இங்கே நான் அஜ்னபி.
லிஃப்டில், பேருந்தில், பேர் கூப்பிடும் விதத்தில்.
பத்து விரல் ரேகையும் நெஞ்சுப் படமும்
கொடுத்துக் கொடுத்து நிரூபித்த அஜ்னபி.
இத்தனை கச்சிதமாய் ஆள் பிரிக்கும் ஊரில்
என் வயிற்றுக்கு மட்டும்
வந்த ஆளைத் தெரியவில்லை.

ராத்திரி, அடுப்பு மேடையில் அந்தத் தாளை விரித்தேன்.
எல்லாம் ஒன்றில்லை.
கீழிருந்து இரண்டாவது வரிசையில்
அவருக்கு ஒரு எண் வேறு.
பென்சிலால் வட்டம் போட்டேன்.
யார் கொடுத்தது அது,
எந்தக் கப்பலில் வந்த யார்.

வெளியே தூசிக் காற்று.
மணி அடித்தது.
கதவு ஓட்டையில் ரிஃபைனரி உடுப்பு,
முகத்தைச் சுற்றிய துண்டு,
புருவமெல்லாம் மண்.

யாரு என்றேன்.
நாந்தான் என்றது.

தாழ்ப்பாளில் கை இருந்தது.
திறக்காமல்
இன்னொரு தடவை கேட்டேன்,
யாரு.