கணப்பு

"கணப்பு போட வேண்டாம்,
தந்திகள் ஆட்டுக்குடல்" என்று
கடிதத்தில் எழுதியிருந்தாள் வீட்ஸ்கே.
நான்தான் போட்டேன்.

பிப்ரவரி. ஃப்ரீஸ்லாந்தில்
கடற்காற்று தேவாலயத்துக்குள்
கதவைத் தட்டாமல் வரும்.
முப்பத்தோரு பேர், யாரும் மேலங்கி கழற்றவில்லை.
மணி நாலுக்கே குமிழைத் திருகிவிட்டேன்.

பத்தொன்பது வயது.
வயலினைத் தாடையில் இடுக்காமல்
தோளெலும்பில் சாய்த்திருந்தாள்,
தூங்கிப்போன பிள்ளையை
இறக்கிவிட மனமில்லாதவள்போல.
வில் குட்டை. ஓசையும் பெரிதில்லை;
முன்வரிசை கேட்டு
பின்வரிசைக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

மூன்றாவது நடனம், மெதுவானது.
ஒரு சுரத்தில் நின்று
அடுத்ததற்குப் போவதா என்று யோசிக்கிற இடத்தில்
பட்டென்று அறுந்தது மேல்தந்தி.
கன்னத்தில் சிவப்பாய் ஒரு கோடு.

யாரையும் பார்க்கவில்லை அவள்.
மிச்சம் மூன்றில் முடித்தாள்.
உயரத்தில் கேட்க வேண்டியதெல்லாம்
கீழே, இருட்டில் கேட்டது.
பிறகு உட்கார்ந்து புதுத் தந்தி கட்டினாள்.
புதுசு நிற்காது:
முறுக்க, இறங்க, முறுக்க.
பத்து நிமிடம். ஒருவரும் இருமவில்லை.
வெளியே கடலணைமேல் ஆடுகள் கத்தின.

எல்லாம் முடிந்ததும் ஹோய்த்தே வந்தான்,
இருநூறு ஆட்டுக்காரன்.
"ஒரு தந்திக்கு எத்தனை ஆடு?"
தெரியாது என்று சிரித்தாள்;
கன்னத்துக் கோடு வளைந்தது.

சாவிக்கொத்தோடு நின்றிருந்தேன் நான்.
கேட்டால் ஒத்துக்கொண்டிருப்பேன்.
அவளோ பெட்டியை மூடிவிட்டு,
இன்னும் ஆறாத கணப்புக் குழாயின்மேல்
இரண்டு உள்ளங்கையும் வைத்து
கண்மூடி
கொஞ்ச நேரம் நின்றாள்.