மெம்பிஸ் வழியாக

என் கடையில் நான்கு ஊர்கள்தான் விற்கும்:
சென்னை, திருச்சி, மெக்கா, மேடான்.
ஐந்தாவதைக் கேட்டு வந்தவர்
பாய்லர் கரி படிந்த கைகளைக்
கண்ணாடி மேசையில் வைக்காமல்
முதுகுக்குப் பின்னால் கட்டியபடி நின்றார்.
"மிசிசிப்பிக்கு டிக்கெட் என்ன விலைம்மா?"

பத்தாங் பெர்ஜுந்தையில்
அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை.
போர்டில் ஊருக்கே இப்போது வேறு பெயர்,
பெஸ்தாரி ஜெயா.
பஸ்காரர் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான்
பிரேக் போடுகிறார்.

பெயர் ஞானப்பிரகாசம்.
செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட்.
கல்யாண பேண்டில் பாஸ் கித்தார்,
நிறுத்தினால் மட்டும்
எல்லாரும் திரும்பிப் பார்க்கிற வாத்தியம்.

அவர் கேட்டது அருவி இல்லை, கோபுரம் இல்லை.
பருத்திக்காட்டு ஓரம் ஒரு தகரக்கூரைச் சாராயக்கடை.
சனிக்கிழமை ராத்திரிகளில்
கறுப்பினப் பெண் ஒருத்தி
காலால் பலகையைத் தட்டித் தட்டிப் பாடிய இடம்.
கடை இருக்கிறதோ இடிந்ததோ.
அதற்குப் பின்னால் ஒரு சர்ச்,
சர்ச்சுக்குப் பின்னால் அவள் கல்லறை.
அவள் பெயரை
பக்கத்து லயத்து அக்கா பெயர்போலச் சொன்னார்.

"இங்கிலீஷ் பாதிதாம்மா புரியும்.
ஆனா ஒரு பாட்டுல தராசத் திட்டுறா.
சாயந்திரம் பஞ்சு நிறுக்கிற தராசு.
அது மட்டும் முழுசாப் புரிஞ்சிச்சு."

அவர் அம்மா வெட்டிய பாலில்
கிராணி தினமும் தண்ணீருக்கென்று கழித்தார்,
மழை பெய்யாத மாதங்களிலும்.

வழி போட்டேன்.
சிப்பாங்கிலிருந்து தோஹா, தோஹாவிலிருந்து அட்லாண்டா,
பிறகு மெம்பிஸ்.
அங்கிருந்து தெற்கே பஸ்.
வெயில் நம்ம வெயில்தான் என்றேன், படித்ததை வைத்து.
விலை சொன்னேன். அசரவில்லை.
பாஸ்போர்ட் கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு
எடுத்து வைத்தார்:
சிவப்பு ஐசி.

இரண்டாம் டிவிஷனில் பிறந்தவர்.
பிறந்ததற்குக் காகிதம் இல்லை.
பிள்ளை பிடித்த மருத்துவச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள்,
தோட்டம் மூன்று கை மாறிவிட்டது,
பதிவேடு இருந்த ஆபீஸ்மேல்
இப்போது கோல்ஃப் புல்.

"தெரியும்மா," என்றார்.
"டிக்கெட் வேணாம். வழிய மட்டும் எழுதிக் குடுங்க."

பதினோரு வருடம் வந்தார்,
சம்பளத்துக்கு மறுநாள் தவறாமல்.
விலை ஏறிச்சா?
அந்த விமானம் இன்னும் ஓடுதா?
மெம்பிஸ்ல இறங்கினா பஸ் எந்தப் பக்கம்?
ஒரு கம்பெனி அந்தத் தடத்தை நிறுத்தியபோது
துக்க வீட்டுக்குச் சொல்வதுபோல
நானே போன் பண்ணினேன்.
யாருமே போகாத பயணத்தை
இருபது தடவை திருத்தியிருப்பேன்.
டிக்கெட் எடுத்தவர்களுக்குக்கூட அவ்வளவு செய்ததில்லை.

போன மார்ச்சில் நீலம் வந்தது.
அவருக்கு அறுபத்தொன்று.
கைகளைக் கண்ணாடிமேல் வைத்தார்,
முதல் தடவையாக.
கரி ரேகையில் இருந்தது, துடைக்க வராது.

பாஸ்போர்ட் வர, விசா மனு திறந்தோம்.
பயணத்தின் நோக்கம்?
வணிகம், சுற்றுலா, மருத்துவம், உறவினர்.
"உறவினர்னு போடுங்க."
முறை என்னவென்று கேட்கும் அண்ணே, என்றேன்.

வெளியே குலை ஏற்றிய லாரி ஒன்று
சந்தியில் திரும்ப முடியாமல் ஹார்ன் அடித்தது.
அவர் விரல் மேசைமேல்
ஏதோ கணக்குக்குத் தட்டிக்கொண்டிருந்தது.
"அக்கா முறை."

கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.
அப்படி ஒரு கட்டமே இல்லை அதில்.
சுற்றுலா என்று அடித்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.
அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
இன்னும் எத்தனை ஓவர்டைம்,
பஞ்சு வெடிக்கிறது அங்கே எந்த மாதம் என்று.