நூற்றெண்பத்து மூன்றாம் சொல்

தனியார் கார்களை நகரங்கள் தடைசெய்ய வேண்டுமா?
உடன்படுகிறேன் என்று தொடங்கினேன்.
மறுக்க இன்னும் நிறைய ஆங்கிலம் வேண்டும்.

குத்தாய்சிக்கு வெளியே பெட்ரோல் பங்க்,
இரவு இரண்டு மணி.
பல்கலைக்கழக நுழைவுத்தேர்வுக்குப் பத்து நாள்.
புகை, நுரையீரல், குழந்தைகள்...
நூற்றெண்பத்து மூன்றாம் சொல்லில்
லாரி வந்து நின்றது.

ஃபுல் என்றார் ஸுராப்.
மீட்டரில் எண்கள் ஓட ஓட
நானும் ஓட்டிப் பார்த்தேன்:
ஆகவே. இருந்தபோதிலும். முடிவாக.
லிட்டருக்கு ஒன்று.

சில்லறை வாங்கும்போது தாளை எட்டிப் பார்த்தார்.
"என்ன மாக்வாலா,
நாற்பத்திரண்டு வயதில் காதல் கடிதமா?"
கார்களுக்கு எதிராக, என்றேன்.
வண்டியில் ஏறிய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்.

தடை என்பதை அடித்துவிட்டுக்
குறைக்கலாம் என்று மாற்றினேன்.
தாளின் ஓரத்தில் டீசல் ரேகை.
இன்னும் அறுபத்தேழு.