நாற்பது நொடி

ஆடிக் காற்று கணவாய் வழியாகப்
பொள்ளாச்சிக்குள் நுழைந்துவிட்டால்
அடுப்புத் தீ கிழக்கே சாயும்.
உருளை சூடேற இரண்டு நிமிடம் கூடப் பிடிக்கும்.
கதவிடுக்கில் சாக்கைச் செருகிவிட்டு
பத்துக் கிலோ பச்சைக் கொட்டையை உள்ளே விட்டேன்.

வால்பாறைச் சரக்கு.
நாற்பது கொண்டை ஊசி இறங்கி வந்தும்
அதற்குக் காப்பி வாசனை என்று ஒன்று கிடையாது.
முதலில் மழையில் நனைந்த சோளத்தட்டு,
அப்புறம் யாரோ ரவை வறுக்கும் வீடு.
மஞ்சள் தாண்டிப் பழுப்பு ஏறும்போது
தீயைக் குறைக்கிற கைக்குத்தான் கூலி.
அவசரப்பட்டால் தோல் கருகி உள்ளே பச்சை நிற்கும்.
பயந்து இழுத்தால்
அட்டைப்பெட்டியை ஊறவைத்துக் குடித்த மாதிரி.

பதினோராவது நிமிடம்
வெயிலில் ஆமணக்குக் காய் தெறிப்பதுபோல் ஒன்று,
எங்கோ இன்னொன்று,
பிறகு எண்ண முடியாது.
இங்கிருந்து ஒன்றரை நிமிடம்.
கோயமுத்தூர்க் கடைக்காரருக்கு
ஆரஞ்சுத் தோல் புளிப்பு அப்படியே வேண்டும்.
வெள்ளிங்கிரி அண்ணன் மெஸ்ஸுக்கு என்றால்
இன்னும் நாற்பது நொடி விடலாம்,
பாலும் சிக்கரியும் ஏறி உட்கார
அதற்கு முதுகு வேண்டும்.

போன் அடித்தது.
கோகிலவாணி, திருப்பூர்.
இந்த உருளை வாங்க அவள் வளையல்தான் அடகுக்குப் போனது.
ஏழு மாதமாகப் பேச்சில்லை.

ஒரு கை நெம்புகோலில்.
ஒரு கையில் போன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.
பின்னால் தையல் மிஷின்கள் ஓடுவது கேட்டது.
"அங்க காத்தாக்கா?"
"செமக் காத்து."
"இங்கயும்."
வைத்துவிட்டாள்.

அதற்குள் உருளை வேறு பாஷை பேசத் தொடங்கியிருந்தது.
காய்ந்த வேப்பஞ்சுள்ளி ஒடிகிற சத்தம்,
மெலிசாக, விடாமல்.
இழுத்துத் தட்டில் கொட்டி
துடுப்பால் துழாவத் துழாவப் புகை கண்ணைக் கரித்தது.
சரியாகத்தான் கரித்தது.

ஆறிய கொட்டையில் எண்ணெய் மினுங்கிற்று.
ஒன்றைக் கடித்தேன்.
ஆரஞ்சுத் தோல் போய்விட்டது.
கசப்பு,
அதன் அடியில் மெதுவாகக் கருப்பட்டி.

சாயங்காலம் மெஸ்ஸிலிருந்து சொல்லி அனுப்பினார்:
"இப்பத்தானுங் இது காப்பி.
நாளைக்கும் இப்படியே வறுத்துப் போடுங்."

நோட்டில் தேதி, எடை, நேரம் எழுதினேன்.
நாற்பது நொடி அதிகம்.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து
காற்று
என்று போட்டேன்.